இரண்டு உயிருக்கு அரை வயிறு

எங்கள் சந்து முனையில் ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். நடுவில் அத்தையின் படம். நெற்றியில் திருநீறு, காதில் கல் கம்மல், முகத்தில் அந்தச் சிரிப்பு. கீழே 'தாராவியின் அன்னபூரணி' என்று சிவப்பு எழுத்து. கட்டின ஆட்கள் என்னிடமும் வந்தார்கள். "மதினி, நீங்கதான் அவியகூட ரொம்ப வருசம் இருந்தீய. ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க, அதையும் போட்டுருவோம்" என்றார்கள். எனக்கு வந்த வார்த்தைகளை ஃபிளெக்ஸில் போட முடியாது. "போட்டதே போதும்யா, நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டேன்.

அங்கே போட முடியாததை இங்கே எழுதுகிறேன். மரியாதையாக 'அவர்' என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கை ஒத்துக்கொள்ளவில்லை, 'அவள்' என்றே வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும். செத்த வீட்டுக்குப் போனேன், மாரில் அடித்துக்கொண்டு அழுதேன், அதெல்லாம் முறைப்படி நடந்தது. யாருக்காக அழுதேன் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

என் மகளுக்கு இருபத்தைந்து வயது. கல்யாணமாகி செம்பூரில் இருக்கிறாள். அவள் வயிற்றில் கருமுட்டை மிச்சம் இருப்பது நாற்பதைத் தாண்டிய பொம்பளைக்கு இருக்கிற அளவுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். கருப்பையும் சின்னதாம். பிள்ளை தங்குமா தங்காதா என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து காத்துக் கிடக்கிறோம். இதில் செத்துப்போனவளுக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அத்தை என் வீட்டுக்காரருக்குப் பெரியம்மா. அவருக்குச் சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். அத்தைதான் தூக்கி வந்து தாராவியில் வளர்த்தாள். அவளும் புருஷனை இழந்தவள், அவளுக்கு ஒரே மகள். பிழைப்புக்காக எங்கள் சந்துக்குள் ஒரு மெஸ் வைத்தாள். கீழே அடுப்பும் நாலு பெஞ்சும். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே கோலி என்கிற ஒற்றை அறை, அதில்தான் நானும் என் வீட்டுக்காரரும் குடித்தனம் நடத்தினோம். தோல் பட்டறை, பை தைக்கிற கடை, பழைய பிளாஸ்டிக் பிரிக்கிற கிடங்கு என்று எங்கே வேலை பார்த்தாலும் நம் பக்கத்து ஆம்பளைகள் சோற்றுக்கு அங்கேதான் வந்தார்கள்.

வாசலில் வந்து நிற்கிறவன் முகத்தைப் பார்த்தே அவன் பசி எவ்வளவு என்று அத்தை சொல்லிவிடுவாள். "லேய், காலையிலயிருந்து பச்சத்தண்ணி குடிக்கலல்லா நீ? உக்காரு" என்பாள். அவன் முழிப்பான், ஏனென்றால் அது உண்மையாக இருக்கும். "இல்ல அத்தை, வடா பாவ் தின்னேன்" என்று எவனாவது மழுப்பினால் அவன் தட்டில் ஒரு கரண்டி கூடவே விழும். "வாய் பொய் சொல்லும்டே, வயிறு சொல்லாது" என்பாள். வேலை போனவன், ஊருக்குப் போகக் காசில்லாதவன், புத்தி பேதலித்துத் தெருவில் திரிந்த ஒரு மராட்டிக் கிழவன், எல்லோருக்கும் தட்டு விழும். கணக்குக் கேட்டு ஒருத்தனையும் அவள் எழுப்பி நான் பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலம். சந்துக்குள் இடுப்பளவு தண்ணீர், சாக்கடையும் அதில் சேர்த்தி. அத்தை அடுப்பை எங்கள் கோலிக்கு ஏற்றச் சொல்லி, ஏணியின் மேல்படியில் உட்கார்ந்துகொண்டு கஞ்சியாகக் காய்ச்சி கீழே இறக்கினாள். பின்சந்து சாயபு வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முதல் செம்பு போனது. எவனோ முணுமுணுத்தான். "கஞ்சி சூடா இருக்கான்னு மட்டும் பாருலே. யாரு குடிக்கான்னு பாக்காத" என்று மேலே இருந்தபடியே ஒரு அதட்டல் போட்டாள். அந்த அத்தையை நான் இன்றும் இல்லையென்று சொல்ல மாட்டேன். என் வயிற்றெரிச்சலே அவளும் இவளும் ஒரே ஆள் என்பதுதான்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதுப்பெண்ணாக வந்து இறங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. பம்பாய் இரைச்சலில் மிரண்டு போய் நின்றேன். அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "எனக்கு ஒரு மகதான்னு இருந்தேன். இன்னைக்கு ரெண்டாச்சு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அவளை அடுப்படிக்குள் விடுவதில்லை. "அவ படிக்கட்டும், நம்ம ரெண்டு பேரும் பாத்துக்கிடுவோம்ட்டி" என்பாள். நம்ம ரெண்டு பேரும் என்று அவள் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. வேலைக்கு நான் அஞ்சினவள் இல்லை. விடியும் முன்னே மாவரைத்து, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவி, இட்லி அவித்து, மதியத்துக்கு அரிசி களைந்து, தேங்காய் துருவி, மோரி என்கிற கழுவுமிடத்துக்குப் பக்கத்தில் மலையாகக் குவிந்த தட்டுகளைக் கழுவி முடித்தால் பொழுது சாய்ந்துவிடும். அத்தை பரிமாறுவாள். கரண்டி எப்போதும் அவள் கையில்தான்.

நான் உண்டானதும் அத்தை மெஸ்ஸில் இருந்த ஆம்பளைகளுக்கெல்லாம் கேசரி கிண்டிப் போட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? என் அம்மா பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணி, ஏழாம் மாதம் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அத்தை போனை என் கையிலிருந்து வாங்கினாள். "என்னத்துக்கு அலையுதீய? ஊருல ஆசுபத்திரிக்கு எத்தனை மைல் போவணும்? இங்கன கூப்பிடு தூரத்துல ஆசுபத்திரி. உங்க மக எம் மவ இல்லியா? கண்ணுல வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றாள். அம்மா உருகிவிட்டாள். "அவிய தெய்வம்ட்டி. அவிய என்ன சொன்னாலும் கேட்டு நட" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மசக்கை நின்று எனக்குப் பசி எடுக்க ஆரம்பித்தது. சாதாரணப் பசி இல்லை. வாயும் வயிறுமாக இருந்தவர்களுக்குத் தெரியும், உலை கொதிக்கிற வாடையே கூப்பிடும். அத்தையின் கரண்டி அப்போதுதான் என் பக்கம் வரும்போது சாய ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் குவித்துப் போடுகிற கை, எனக்குச் சோற்றைக் கரண்டியின் நுனியில் அள்ளிப் போட்டது. குழம்பில் மீன் இருக்காது, சாறு மட்டும். காலையில் இரண்டாவது இட்லிக்குக் கை நீட்டினால் தட்டை மெல்ல நகர்த்திவிடுவாள்.

"வயித்துக்குள்ள எடம் விடுட்டி. சோத்தை ரொப்பிட்டா பிள்ளை எங்கன பொரளும்? பெருத்துட்டுன்னா வெளிய வராது. டாக்டர்மாரு கத்தியைத் தூக்கிருவானுவ. சின்னப் பிள்ளையாப் பெத்து, பெரிய பிள்ளையா வளத்துக்கிடணும்."

சந்தில் இருந்த பொம்பளைகளும் தலையாட்டினார்கள். ஊரிலும் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் அது எனக்கு நம்ப முடியாத பேச்சாகப் படவில்லை. முட்டை சூடு, வாழைப்பழம் சளி, பால் குடித்தால் பிள்ளையின் தலை பெருக்கும். சர்க்கார் மருத்துவ நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். "இது பிள்ளையை ஊதவைக்கிற மாத்திரைல்லா" என்று அத்தை அதை மோரியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டாள். என் கண்ணை இழுத்துப் பார்த்த நர்ஸம்மா வெளுத்திருக்கிறது என்றாள். வெளுப்பு நல்லது, பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்றாள் அத்தை.

ஒரு மத்தியானம். பந்தி முடிந்து அத்தை யாரிடமோ பேச வெளியே போயிருந்தாள். நான் ஒரு முட்டையை உடைத்து வெங்காயம் போட்டுப் பொரித்தேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு வாய் பிட்டு வைத்திருப்பேன், அத்தை வந்துவிட்டாள். கத்தவில்லை. திட்டவில்லை. பக்கத்தில் குனிந்து, என் கையிலிருந்த தட்டை வாங்கினாள். முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள். தாமதமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்த ஒரு பட்டறைக்காரன் முன்னால் அந்தத் தட்டை வைத்தாள். "தின்னுலே, எம் மவ பொரிச்சது" என்றாள். அவன் தின்றான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலம் அத்தை என் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டாள். "கோவமாட்டி? உன் நல்லதுக்குத்தான சொல்லுதேன். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்குவனா?" என்றாள். அந்த விரல் பட்டதும் கோபம் போய்விட்டது. வாசலில் வந்து நிற்கிற எவன் பசியையும் முகத்தில் படிக்கிறவள், ஒரே கூரைக்குள் என் முகத்தை மட்டும் எப்படிப் படிக்காமல் விட்டாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் தெரியவில்லை, பெற்றதும் தெரியவில்லை, அத்தனை சுளுவு. இரண்டு கிலோகூட இல்லை. நர்ஸ் தராசைப் பார்த்துவிட்டு அத்தையை இந்தியில் பிடிபிடியென்று பிடித்தாள், மருமகளுக்குச் சோறு போட்டீர்களா இல்லையா என்று. அத்தை சிரித்தாள். "நார்மல் ஆச்சுல்லா! கத்தி படாம ஆச்சுல்லா!" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். தீட்டு கழிந்த மறுநாளே நான் கிரைண்டர் முன்னால் நின்றேன். "பாத்தீயளா, எம் மவ எப்படி எந்திச்சு நிக்கான்னு" என்று சந்தெல்லாம் பீற்றினாள். நானும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தேன்.

பிள்ளையை என்னைவிட அவள்தான் வளர்த்தாள். இடுப்பில் இடுக்கிக்கொண்டே பரிமாறுவாள். அவள் நெஞ்சில் படுத்தால்தான் அதற்குத் தூக்கம். 'ஆச்சி' என்பதுதான் அது பேசின முதல் பேச்சு. சளி பிடித்தால் வெற்றிலையைச் சுட்டு நெற்றியில் வைப்பாள். பிள்ளை தேறவில்லையே என்று மசித்து மசித்து ஊட்டுவாள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று சொல்வதுண்டு. ஆனால் அவள் ஆட்டினது வேஷத்துக்கு இல்லை, அதை இப்போதும் சத்தியம் பண்ணுவேன்.

இரண்டு வருஷம் கழித்து, கல்யாணமாகிப் போயிருந்த அத்தையின் மகள், என் மதினி, உண்டானாள். முலுண்டில் ஃபிளாட், மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை. மசக்கை நின்ற நாளிலிருந்து எங்கள் மெஸ்ஸில் தனியாக ஒரு சட்டி ஏறியது. வஞ்சிரத் துண்டு வறுவல், ஆட்டுக்கால் சூப், அவித்த நாட்டுக்கோழி முட்டை, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. "உளுந்தங்களி பொம்பளைக்கு இடுப்புக்கு வலு, கர்ப்பப்பைக்கு வலு" என்று சொல்லிக்கொண்டே கிண்டுவாள். நான்தான் கையாளாகப் பக்கத்தில் நின்று உதவினேன். நான்தான் அதைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு சயானில் லோக்கல் ஏறினேன். ஒரு கையில் தூக்கு, இடுப்பில் என் மகள். மகளிர் பெட்டியில் நெரிசலில் தூக்கின் மூடி லேசாகத் திறந்து மீன் வாடை வரும். என் பிள்ளை மூடியில் மூக்கை வைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அத்தை, இவ்வளவும் தின்னா மதினிக்குப் பிள்ளை பெருத்துராதா?"

களி கிண்டிய துடுப்பு ஒரு நொடி நின்றது. "அவ டாக்டர் நல்லாத் திங்கச் சொல்லுதாளாம். காலம் மாறிட்டுல்லா" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாவ? அவ வயித்தை அவ டாக்டர் பாத்துக்கிடுவா" என்றாள். படித்த டாக்டர் சொன்னால் சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன். மதினிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பெரிய பிள்ளை, ஆபரேஷன்தான். மாதக்கணக்கில் மெத்தையில் கிடந்தாள். அத்தை தினமும் முலுண்டுக்கு ஓடினாள், மெஸ்ஸை நான் பார்த்துக்கொண்டேன்.

என் மகள் குள்ளமாகவே வளர்ந்தாள். வகுப்பில் அவளோடு படித்தவர்களெல்லாம் வயதுக்கு வந்து நெடுநாள் கழித்துத்தான் இவள் ஆளானாள். அத்தை அன்றைக்குத் தூக்கு நிறைய உளுந்தங்களி கொண்டுவந்து ஊட்டினாள். ஆனால் மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை. ஒரு மாதம் வந்தால் மூன்று மாதம் காணாது. வருகிறபோது சுருண்டு கிடப்பாள். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கல்யாணமானா எல்லாம் நேராயிரும்" என்றாள் அத்தை. முட்டி வலி வந்து மெஸ்ஸை மூடிவிட்டு அவள் முலுண்டுக்கே போய்விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் மகளுக்கு வீடியோ கால் போடுவாள். "வந்துச்சாட்டி?" என்பதுதான் முதல் கேள்வி.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஒன்றுமில்லை என்றதும் செம்பூர் டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா மராட்டிக்காரி, நல்ல மாதிரி. ரிப்போர்ட்டைப் பார்த்து முடித்துவிட்டு என் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "இவள் வயிற்றில் இருக்கும்போது நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று இந்தியில் கேட்டாள்.

இருபத்தைந்து வருஷத்தில் ஒருத்தரும் என்னைக் கேட்காத கேள்வி அது. நான் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு யாருடையதோ போல் கேட்டது.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. "இதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வேறு எத்தனையோ இருக்கலாம். யார்மேலும் பழி போடாதீர்கள்" என்றாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். ஒரு பொம்பளையின் ஆயுசுக்கும் உள்ள முட்டைகள் எல்லாம் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடுமாம். பிறந்த பிறகு ஒன்றுகூடப் புதிதாக வராதாம், குறையத்தான் செய்யுமாம். அந்தச் சமயத்தில் தாய்க்குச் சாப்பாடும் சத்தும் இல்லாமல் போனால், உள்ளே இருப்பது பெண்ணாக இருந்தால், அவளுடைய கருப்பையையும் முட்டையையும் அது பாதிக்கலாம் என்று இப்போது சொல்கிறார்களாம். "நாள் கடத்தாதீர்கள், முயற்சி பண்ணலாம்" என்று மருந்து எழுதிக் கொடுத்தாள்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டென்ஷன் லேனா நை மம்மி" என்றாள். அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்கு அந்த முட்டைத் தட்டுதான் கண்ணுக்குள் நின்றது. எம் மவ பொரிச்சது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாளே. அது என் பங்குகூட இல்லை, என் பேத்தியோ பேரனோ, யாரோ ஒருவருடைய பங்கு.

மறுநாளே முலுண்டுக்குப் போனேன். மதினி ஆபீஸுக்குப் போயிருந்தாள். அத்தை ஹாலில் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயதாகியும் அந்தக் கண் மங்கவில்லை. "ஏட்டி, முகம் வாடிக் கெடக்கு. ஒண்ணும் திங்காம வந்துட்டியா?" என்றாள். நான் நின்றபடியே டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். ஆய்ந்த கீரையை மடியிலிருந்து தட்டுக்கு மாற்றினாள். கண்ணீர் வந்தது அவளுக்கு. பொய்க் கண்ணீர் இல்லை.

"எம் பேத்திக்கா? அய்யோ, எம் பிள்ளைக்கா?" என்றாள்.

"என்னைய ஏன் அத்தை அரை வயித்துல போட்டீய?"

"உன் நல்லதுக்குத்தாம்ட்டி. கத்தி படக்கூடாதுன்னுதான."

"அப்போ மதினிக்கு மட்டும் ஏன் சட்டி சட்டியா ஆக்கிப் போட்டீய? டாக்டர் சொன்னான்னு மட்டும் சொல்லாதீய. அந்த டாக்டர் சொல்லுததுக்கு முன்னாலேயே உளுந்தங்களி கர்ப்பப்பைக்கு வலுன்னு உங்களுக்குத் தெரியும். உங்க வாயாலதான் கேட்டேன்."

அத்தை கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். மழுப்புவாள் என்று நினைத்தேன். மழுப்பியிருந்தால் தேவலை.

"அவளுக்கு ஆபரேசன் ஆனா படுக்க மெத்தை இருந்துச்சு" என்றாள். "உனக்கு ஆயிருந்தா மெஸ்ஸுல்லா படுத்திருக்கும். ஆறு மாசம் நீ கல்லைத் தூக்காட்டி யாரு தூக்குவா? மூடுனா அவ படிப்புக்கு எங்க போவேன்? உம் புருசன் சோத்துக்கு எங்க போவேன்? எத்தனை பேரு அந்தச் சோத்தை நம்பிக் கெடந்தானுவ, உனக்குத் தெரியாதா? பிள்ளை சின்னதா இருந்தா நீ சீக்கிரம் எந்திச்சிருவ. அவ்வளவுதான் நெனச்சேன்."

ஊருக்கே படியளந்த அடுப்பு அணையக் கூடாது என்று என் வயிற்றில் அளவெடுத்திருக்கிறாள். நான் மகளாக இருந்தேன் என்று நினைத்த இடத்தில் ஒரு வேலைக்காரி நின்றுகொண்டிருந்திருக்கிறாள், அவளுக்கு அது தெரியாமலே. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு அறுப்பார்கள் என்று கேள்விப்பட்டதில்லை.

"எங்கம்மா கூட்டிட்டுப் போறேன்னு சொன்னப்போ விடலியே, அதுவும் இதுக்குத்தானா?"

தலையை ஆட்டினாள்.

"வயித்துக்குள்ள கெடந்தது பொட்டப்பிள்ளை. அதுக்குள்ளயும் இன்னொரு வயிறு இருந்திருக்கு அத்தை."

"அது எனக்கு எப்படிட்டித் தெரியும்? எனக்கு யாரு சொன்னா?"

"சரி. தெரிஞ்சிருந்தா?"

அத்தை என்னைப் பார்த்தாள். யாராவது பசியில்லை என்று சொன்னால் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். அவளிடம் ஒரு குணம், நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்ல வராது.

"தெரிஞ்சிருந்தாலும் மெஸ்ஸு ஓடணும்லாட்டி" என்றாள்.

எனக்கு அதற்குமேல் அங்கே நிற்கத் தோன்றவில்லை. செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து, "இதை அவகிட்ட சொல்லிராத. என்னையத் தப்பா நெனச்சிருவா" என்று கெஞ்சுகிற குரல் வந்தது. அவள் மகளைச் சொல்கிறாள். என் மகளை இல்லை. அதுதான் நான் அவள் வாயிலிருந்து கேட்ட கடைசிப் பேச்சு. அடுத்த மாதமே தூக்கத்தில் போய்விட்டாள்.

அன்றைக்கு முலுண்டிலிருந்து நேரே செம்பூருக்குப் போனேன். என் மகள் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மறைக்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் தரையையே பார்த்தபடி கேட்டாள்.

"அப்போ ஆச்சி என்னை இடுப்புல தூக்கிட்டே சுத்துனது, ஊட்டுனது, டெய்லி தூங்க வெச்சது, எல்லாம் நாடக் தானா மம்மி? எல்லாம் நடிப்பா?"

"இல்ல மக்கா. அது நெசம். நடிப்பா இருந்திருந்தா நான் இன்னைக்குத் தூ-ன்னு துப்பிட்டு வந்திருப்பேம்ட்டி."